தவக்காலத்தில் விட்ட பூவன் பழம்

அண்ணி,

இன்று டாக்டர் எனக்கும் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டிக்கொண்டே, "கால் வீக்கம் இறங்கணும்மா. இது நீரைப் பிரிக்கும். கூடவே தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். "நான் நர்ஸா இருந்தவ டாக்டர். இதே வசனத்தை ஊருக்கெல்லாம் சொல்லி அலுத்தவ" என்றேன். சொன்னது பாதிதான். மீதியைக் கேட்க அவருக்கு ஏது நேரம்? வெளியே டோக்கனும் கையுமாகக் கூட்டம் காத்திருந்தது.

வரும் வழியில் ஒரு சீப்பு பூவன் வாங்கினேன். மேஜைமேல் வைத்துவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால் அறை முழுக்க அந்த வாசனை. தோலில் புள்ளி விழ ஆரம்பிக்கும்போது வருமே, லேசாகப் புளிப்பு கலந்த தித்திப்பு, அது. கண்ணைத் திறக்கும் முன்பே ராயபுரத்து மாடி அறைக்குப் போய்விட்டேன். போனதும் முதலில் எனக்கு மூச்சு முட்டியது. உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? உங்களை நினைத்தால் பாசத்துக்கு முன்னால் அந்த அறைதான் வந்து நிற்கிறது.

ஒரே அறை. சமையல், படுக்கை, ஜெபம் எல்லாம் அதற்குள். கீழே வீட்டுக்காரரின் மிளகாய் கிடங்கு. வெயில் ஏறினால் நெடி பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து நம்மைத் தும்ம வைக்கும். ஏணிபோல் செங்குத்தாக நிற்கும் மரப்படி. ஒரே ஜன்னல். அதில் தெருவும் எதிர்வீட்டுச் சுவரும் தெரியும். கடல் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தும் அதன் சத்தம் மட்டும்தான் நமக்கு. துறைமுகத்துச் சங்கு ஊதினால் அண்ணன் புறப்படுவார், மறுபடி ஊதினால் வருவார். நடுவில் நீங்களும் நானும்.

எண்ணூரில் ரயில்வே கேட் ஓரமாக வளர்ந்தவர் நீங்கள். முகத்துவாரக்குப்பம் வரை மணலில் ஓடிப்போய் ஓடி வருவேன் என்று பெருமை அடித்துக்கொள்வீர்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவைத்திருந்தது, கல்யாணம் ஆகும்வரை யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை நிற்காமல் போய், கால் வீங்கி, மூச்சு இரைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தபோது அந்த டாக்டரம்மா சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "இனிமே படி ஏறி இறங்கற வேலை வேண்டாம்." நாம் குடியிருந்ததோ மாடி. கீழ்வீடு பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அன்று நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து மேலே விட்டதோடு சரி, உங்களுக்குத் தெரு என்பது ஜன்னல் அளவுக்குச் சுருங்கிப்போனது.

உங்களோடு சேர்ந்து எனக்கும் சுருங்கியது. பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். அம்மா அப்பா இல்லாத வீட்டில், வயதுக்கு வந்த தங்கைக்கு அண்ணன் வேறு என்ன வேலை கொடுப்பார்? "அண்ணிய பாத்துக்க" என்றார். பார்த்துக்கொண்டேன். தெருக்குழாய்க்கும் கோயிலுக்கும் போகிற நேரம் தவிர எனக்கும் அதே நான்கு சுவர். உங்கள் கால் கட்டப்பட்டிருந்தது, கயிற்றின் மறுமுனை என் காலில்.

அந்த டாக்டரம்மாதான் பழத்தையும் எழுதியது. "இந்த மாத்திரை தண்ணியோட சேர்த்து உடம்புல இருக்கற ஒரு சத்தையும் வெளியே தள்ளிடும். அது குறைஞ்சா தசை சோரும், நெஞ்சு தாறுமாறா அடிக்கும். காலையில ஒரு வாழைப்பழம், சாயங்காலம் ஒண்ணு. இதுவும் மருந்துதான், ஞாபகம் வச்சுக்கோ." நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். கசக்காத மருந்தை அப்போதுதான் முதல் தடவையாக யாரோ உங்களுக்குக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் நம் வீட்டில் பொழுது விடிவது மங்கம்மாவின் குரலில்தான். தள்ளுவண்டியை ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்திவிட்டு அண்ணாந்து கத்துவாள்: "யக்கோவ்! வாயப்பயம் வந்துகீது, கூடைய வுடு!" நீங்கள் கயிற்றில் கட்டிய கூடையை இறக்குவீர்கள். "இன்னிக்கி இன்னா பயம்?" என்பீர்கள். "ரஸ்தாளி கீது, தேனு மாரி. பூவன் கீது. மோரீஸ் வோணாம், காயா கீது" என்று அவள் வண்டியையே ஒப்பிப்பாள். அவளோடு பேசுகிற அந்த நேரத்தில் உங்களுக்கு மூச்சு இரைத்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் பழம் தின்னும் அழகே தனி. எனக்கெல்லாம் ரெண்டு வாய். நீங்கள் முதலில் முகர்வீர்கள். பிறகு தோலை மெதுவாக உரித்து, ஒட்டிக்கொண்டிருக்கும் நாரை ஒவ்வொன்றாக எடுத்து, கடிக்காமல் உதட்டால் கிள்ளி, கண்ணை மூடி... நான் அடுப்படியிலிருந்து, "பூசை முடிஞ்சுதா அண்ணி?" என்று கத்துவேன். "இரு, பயணம் போயிகினு கீறேன்" என்பீர்கள். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு ஊர் வைத்திருந்தீர்கள். "இது ஆத்துத் தண்ணி குடிச்ச மரம், பிலோ. இதுக்குப் பக்கத்துல ஒரு கிணறு கீது பாரு, கல்லு கட்டினது." எண்ணூர் உப்புக்காற்றில் வாழைமரத்தை எங்கே கண்டீர்கள் என்று கேட்டால், "வாய்ல தெரியுது, மரத்த எதுக்குப் பாக்கணும்?" என்பீர்கள். தோல் கூடையில் இறங்கி, கீழே கட்டியிருந்த ஆட்டுக்குப் போய்விடும்.

உடம்பும் கேட்டது. உப்பில்லாத கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவருக்குக் கஞ்சிக்குள் பழத்தைப் பிசைந்து கொடுத்தேன், கிண்ணம் காலியானது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அலறுவது நின்றது. மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் குடிக்கிற தண்டனை ஒழிந்தது. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினீர்கள். தலையை நீங்களே வாரிக்கொள்ள ஆரம்பித்தீர்கள். வெறும் காபியைக் குடித்தே எரிந்துகொண்டிருந்த என் வயிறுகூட, உங்களோடு சேர்ந்து பழம் தின்றதில் அடங்கிவிட்டது. அறை என்னவோ அதே அறைதான். ஆனால் அதற்குள் காலையில் ஒரு சந்தோஷம், மாலையில் ஒரு சந்தோஷம் என்று ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கான்வென்ட் மதர் என்னைக் கோயில் வாசலில் நிறுத்திச் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கம் அவர்கள் சபை நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு எனக்கு இடம் கேட்டிருக்கிறாராம், ஈஸ்டர் முடிந்ததும் போய்ச் சேரவேண்டுமாம். தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே. நான் படிகளைத் தாண்டித் தாண்டி ஏறி வந்து உங்களிடம்தான் முதலில் சொன்னேன். நீங்கள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். சங்கு ஊதி அண்ணன் வந்தார். கேட்டார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "நீ பூட்டா இவள யாரு பாக்கறது?" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை அண்ணி, உங்களுக்கே தெரியும். நியாயமான கேள்வியைக் கேட்டார். அதனால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம். அநியாயமாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிறகு தவக்காலம் வந்தது. விபூதிப் புதனன்று கோயிலிலிருந்து கொண்டுவரும் சாம்பலை உங்கள் நெற்றியிலும் இட்டு, சேர்ந்து உட்கார்ந்து, ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்குப் பிடித்த ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிடுவது நம் வீட்டு வழக்கம். ஒறுத்தல் என்போம். அண்ணன் பீடியை விட்டார், ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் விடுவார். நான் காபியை. நீங்கள் சிரித்தீர்கள். "நான் இன்னாத்த வுடறது? உப்பு போச்சி, வறுத்த மீன் போச்சி, கோயிலு போச்சி, தெரு போச்சி. எங்கைல கீறது ரெண்டு வாயப்பயம்" என்றீர்கள். நாங்களும் சிரித்தோம். கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

கஞ்சியில் பிசைய வேண்டாம், அப்படியே தின்கிறேன் என்றீர்கள், அதைத் தவிர உங்கள் வழக்கம் எதுவும் மாறவில்லை. மங்கம்மா வந்தாள், கூடை இறங்கியது, ஏறியது. காலையிலும் மாலையிலும் நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போவேன். திரும்பி வரும்போது பழம் இருக்காது. தோல் எப்போதும் ஆட்டுக்குத்தான் என்பதால் தோலைத் தேடவும் எனக்குத் தோன்றவில்லை. நாள் போகப்போக நீங்கள் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்தீர்கள். கால் மறுபடி பிடித்து இழுத்தது. "தவக்காலம்டி, கொஞ்சம் கஷ்டப்படட்டும் உடம்பு" என்றீர்கள். ஆணி அடிக்கிற மாதிரி நெஞ்சு அடிக்கிறது என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னபோது, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று டப்பாவைத்தான் திறந்து பார்த்தேன். மாத்திரை இருந்தது. அதை நீங்கள் ஒழுங்காக விழுங்கிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

குருத்தோலை ஞாயிறு. ஓலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டே கோயிலிலிருந்து வந்தேன். நீங்கள் தரையில் கிடந்தீர்கள். கண் திறந்திருந்தது, கையைத்தான் மூட முடியவில்லை. ஓலையை உங்கள் கையில் வைத்தேன், அது நழுவி விழுந்தது. நான் போட்ட கூச்சலில், கிடங்கு வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கைவண்டிக்கார ஏழுமலை மேலே ஓடி வந்தார். அவரும் எனக்குப் பின்னாலேயே கோயிலிலிருந்து வந்த அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியோடு உங்களைத் தூக்கி அந்த மரப்படியில் இறக்கினார்கள். அந்த நிலையிலும் முனகினீர்கள்: "மெதுவா... பொணம்னு நெனச்சிக்கினீங்களா?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உங்கள் நாடியைப் பிடித்துக்கொண்டே என்னைக் கேட்டார். "பழம் கொடுக்கறியா?" சிலுவைமேல் சத்தியம் பண்ணாத குறைதான். "தினம் டாக்டர்! ஒருநாள்கூட நிக்கல!" அவர் நெற்றியைச் சுருக்கினார். பின்னால் நின்றிருந்த ஏழுமலை துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்: "யம்மா... பயம் எங்களாண்டதான் வருது. அக்கா கூடையில இறக்கிக் குடுக்கும். நாங்க வண்டிக்காரங்க துன்னுட்டு ஆட்டுக்குத் தோலப் போட்டுடுவோம். அதுக்குப் பயம் பிடிக்கலயோன்னு நெனச்சோம்." சொன்னவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? பசித்தவருக்குக் கொடுத்தீர்கள், தின்றார்.

கசப்பான ஏதோ திரவத்தை வேளாவேளைக்கு ஊட்டி, டாக்டரம்மா உங்களைக் காப்பாற்றினார். கை மூடித் திறக்க வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்பதுதான். வார்டே திரும்பிப் பார்த்தது.

"எனக்குன்னு வேண்டல பிலோ" என்றீர்கள். "எங்கைல கீறதுலயே நல்லத வுட்டா ஆண்டவரு கேப்பாருன்னு நெனச்சேன். நீ வெளிய போவணும்னு வேண்டிக்கினேன்."

எனக்கு உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அறையத் தோன்றியது. என்னை அவிழ்த்துவிடுவதாக நினைத்து என் முடிச்சை நீங்கள் இறுக்கிவிட்டீர்கள். இனி உங்களைத் தனியாக விட எந்த அண்ணன் சம்மதிப்பார்? மதர் வந்து பார்த்தார், நிலைமையைப் பார்த்துவிட்டு உங்கள் நெற்றியில் சிலுவை வரைந்து ஜெபித்துப் போய்விட்டார். எனக்கு வைத்திருந்த இடம் வேறு ஒருத்திக்குப் போனது. ஈஸ்டர் மணி அடித்தபோது நான் வார்டில் உங்களுக்குக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நற்கருணை கொடுக்க வந்த சாமியார் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "மருந்தைப் போய் யாராவது ஒறுத்தல்ல விடுவாங்களாம்மா? வேண்டியவங்க கொடுத்ததை வேண்டாம்னு சொல்றதுக்குப் பேரு தவமா? போ, தினம் ரெண்டு பழத்தையும் சாப்பிடு. அதுதான் உனக்கு நான் கொடுக்கிற அபராதம்." நீங்கள் தலையை ஆட்டினீர்கள். உங்களை அறையத் தோன்றிய எனக்கு மட்டும் அவர் அபராதம் ஒன்றும் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க நாம் எப்படி இருந்தோம் என்பதை யாரிடமும் நான் சொன்னதில்லை. மங்கம்மா கத்துவாள், கூடை ஏறும், நான் பழத்தை உரித்து உங்கள் கையில் வைத்து எதிரில் உட்கார்ந்துகொள்வேன். கடைசி வாய் உள்ளே போகும்வரை எழுந்திருக்க மாட்டேன். ஜெயில் வார்டன்கூட அப்படிக் காவல் இருக்கமாட்டார். நீங்கள் ஊர்ப்பெயர் சொல்வதை நிறுத்திவிட்டீர்கள். சுவர்ப் பக்கம் பார்த்து மென்று விழுங்குவீர்கள். பழம் தன் வேலையைச் செய்தது. முகம் தெளிந்தது, கால் பிடிப்பு போனது. அறைதான் போன வருஷத்தைவிடச் சின்னதாகிவிட்டது. நீங்கள் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை அண்ணி. ஆனால் அந்தப் படிகளில் இறங்கி அப்படியே போய்விட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். உங்களுக்கும் அது தெரிந்திருந்தது.

மறுபடி விபூதிப் புதன். மறுபடி மூன்று நெற்றியிலும் சாம்பல். அண்ணன் வழக்கம்போல் பீடிக்கட்டை எடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தார். நீங்கள் அதை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தீர்கள்.

"இந்தாய்யா, இத்த நீயே வச்சிக்க. வருசா வருசம் பீடிய வுட்டு ஆண்டவரையும் ஏமாத்திகினு கீறே. இந்த வாட்டி நீ பிலோவ வுடு."

அண்ணனுக்குப் புரியவில்லை. "இன்னாத்த வுடறது?"

"உன் தங்கச்சிய. அவதான உனுக்கு ஒசத்தி? அதான் ஒறுத்தல். மதர் இந்த வருசமும் இடம் கேட்டுப் பாக்கறேன்னு சொல்லிகீறாங்க, நான்தான் மங்கம்மாகிட்ட சொல்லி அனுப்பிக் கேட்டேன்."

"உனுக்கு யாரு கஞ்சி காச்சறது?"

"நீ காச்சு. கை இல்லியா?"

பிறகு கூடையிலிருந்து ஒரு பூவனை எடுத்தீர்கள். நான் உரிக்கக் கை நீட்டினேன், தட்டிவிட்டீர்கள். நீங்களே உரித்து, நாரை எடுத்து, அண்ணன் கண்ணுக்கு நேராகத் தின்றீர்கள். "பாத்துக்க. நான் தினம் திம்பேன். எவனுக்கும் குடுக்கமாட்டேன். எனுக்குக் காவலு வோணாம்" என்றீர்கள். அண்ணன் பீடிக்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "டிரங்குப் பெட்டி பூட்டு ரிப்பேரா கீது, சரிபண்ணித் தரேன்" என்றார்.

நான் போனேன். அண்ணன் பகல் வேலைக்கு மட்டும் மாற்றிக்கொண்டு கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். மங்கம்மா மத்தியானம் வண்டியைக் கீழே விட்டுவிட்டு மேலே வந்து உங்களோடு உட்கார்ந்தாள். லீவில் நான் வரும்போதெல்லாம் அந்தப் பழம் எந்த ஊர் என்று மறுபடி சொன்னீர்கள். பாதிப் படிப்பு தாண்டிய ஒரு மழைக்காலத்தில் தந்தி வந்தது. ஒழுங்காக மருந்து தின்று, ஒழுங்காகப் பழம் தின்று, ஒரு காலையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். அந்த வால்வு அவ்வளவுதான் தாங்கும் என்று அதற்குள் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். இருந்தும் சின்னப் பிள்ளைபோல் அழுதேன்.

அடக்கம் முடிந்து வந்த சொந்தக்காரர்கள் அந்த அறையிலேயே உட்கார்ந்து என் கதையை முடித்துவிடப் பார்த்தார்கள். "இனிமே அவனுக்கு யாரு ஆக்கிப் போடறது? பிலோ வந்துட்டா இல்ல, இருந்துடட்டும்." மிளகாய் நெடி பலகை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பழைய கயிறு காலில் விழுகிற மாதிரி இருந்தது. ஆனால் அண்ணன் ரொம்ப இளைத்திருந்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் கஞ்சிக்கு அரிசி களையத் தொடங்கினேன்.

அண்ணன் வந்து என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவள நான் ஒறுத்தல்ல வுட்டவன். இவ போனப்புறம் வந்த ஈஸ்டரு அன்னிக்கே, பிலோ எப்ப திரும்பி வருவான்னு இவ அண்ணிகிட்ட கேட்டேன். பீடின்னா ஈஸ்டருக்குத் திருப்பி எடுத்துக்கலாம், இதுக்கு ஈஸ்டரு கெடையாதுய்யான்னு சொல்லிட்டா. நீ வண்டிய பிடி பிலோ."

அன்று சாயங்காலமே கிளம்பினேன் அண்ணி. அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டில், எத்தனையோ வார்டில் இருந்திருக்கிறேன். புகுந்த வீட்டில்கூட இரண்டு தடவை கதவைச் சாத்தப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் "இதுக்கு ஈஸ்டரு கெடையாது" என்ற உங்கள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டுதான் வாசலைத் தாண்டினேன். ஆண்டவருக்குக் கொடுத்துவிட்ட என்னைத் திருப்பி எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.